எழுதித்தான் இருக்கிறது, எங்கே?

ஊர்ப் பெயர்ப் பட்டியல் ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஊரும் ‘திரு’வில் தொடங்குகிறது. அந்தத் ‘திரு’வைக் கழற்றிவிட்டு மீதியை மட்டும் எடுக்க வேண்டும். பைதான் என்ற நிரல் மொழியில் ‘எல்ஸ்ட்ரிப்’ என்று ஒரு ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டு, உண்டு. சொல்லின் இடது ஓரத்தில் இருப்பதைச் சீவிவிடும். அதனிடம் ‘திரு’வைக் கொடுத்து ஓட்டுகிறோம். திருவாரூர், வாரூர் ஆகிறது. திருநெல்வேலி, நெல்வேலி ஆகிறது. திருவண்ணாமலை, வண்ணாமலை. நான்கைந்து ஊரைப் பார்த்துவிட்டு, சரி, வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுவோம்.

திருத்தணியில்தான் சிக்கல். அங்கே வர வேண்டியது ‘த்தணி’. வருவதோ, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் அந்தரத்தில் தொங்கும் ஒரு புள்ளியும் அதன் பின்னால் ‘தணி’யும். திருத்துறைப்பூண்டிக்கும் அதே கதி.

காரணம் எளிது. ‘எல்ஸ்ட்ரிப்’ நாம் கொடுத்த ‘திரு’வை ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. அதைப் பிரித்து ஒரு பைக்குள் கொட்டிக்கொள்கிறது. கணினி தமிழைச் சேமிக்கும் முறைப்படி அந்தப் பையில் நான்கு பொருள்கள்: த, இகரக் குறி, ர, உகரக் குறி. பிறகு ஊர்ப் பெயரின் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. பையில் இருப்பதென்றால், எந்த வரிசையில் வந்தாலும் எத்தனை முறை வந்தாலும் தூக்கிவிடும். பையில் இல்லாத ஒன்று வந்ததும் நின்றுவிடும். திருவாரூரில் ‘வ’ வந்து காப்பாற்றியது. திருத்தணியில் ‘திரு’வுக்கு அடுத்து வரும் ‘த்’தில் உள்ள ‘த’வும் பையில் இருப்பதால் போய்விட்டது, புள்ளி பையில் இல்லாததால் மட்டும் மிஞ்சிவிட்டது.

இது பைதானின் பிழை அல்ல. பைதானின் அதிகாரபூர்வ ஆவணத்தைத் திறந்தால், கொடுக்கப்படும் எழுத்துகள் ஒரு முன்னொட்டு அல்ல, அவற்றின் எல்லாச் சேர்க்கைகளும் நீக்கப்படும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவசரத்தில் நாம் ஆவணத்தைத் திறப்பதில்லை. திரையில் ‘ஹெல்ப்’ என்று தட்டி ஃபங்ஷனின் பெயரைக் கொடுப்போம். அங்கே வருவது இரண்டே வாக்கியம்: இடது ஓர வெற்றிடத்தை நீக்கிய பிரதியைத் தரும், எழுத்துகள் கொடுக்கப்பட்டால் வெற்றிடத்துக்குப் பதில் அவற்றை நீக்கும். அவ்வளவுதான். முன்னொட்டு அல்ல என்ற எச்சரிக்கை அங்கே இல்லை. ஒரே ஃபங்ஷனுக்கு இரண்டு உதவிப் பக்கங்கள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. எது கைக்கு எட்டுகிறதோ அதில் விஷயம் இல்லை.

உதவிப் பக்கங்களைப் பற்றிய பெரும்பாலான புகார்கள் ‘சொல்லவே இல்லையே’ என்று தொடங்கும். தேடிப் பார்த்தால் பத்தில் எட்டு முறை சொல்லித்தான் இருக்கும் என்பது என் அனுபவம். மாட்டுகிறவர் பார்க்கும் இடத்தில் சொல்லியிருக்காது, அதுதான் குறை. உதவிப் பக்கத்தைப் படிப்பது எப்படி, திருத்துவது எப்படி என்ற இரண்டு கேள்விகளையுமே இந்தக் கோணத்தில் அணுகினால் பாதி வேலை முடிந்துவிடும். (ஃபங்ஷன் என்றால் நம் ஊரில் காதுகுத்தும் வளைகாப்பும் நினைவுக்கு வரும், தமிழ்நாட்டுப் பாடநூல் செயற்கூறு என்கிறது. பேச்சில் எல்லோரும் ஃபங்ஷன் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

முதலில் படிப்பது. கிரையப் பத்திரம் படிக்கத் தெரிந்தவர் முதல் பக்கத்தில் தொடங்கமாட்டார். நேராகக் கடைசிக்குப் போய்ச் சொத்து விவரத்தைப் பார்ப்பார்: சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை. அது பொருந்தினால்தான் யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார் என்ற கதைக்கெல்லாம் வருவார். ஃபங்ஷனின் உதவிப் பக்கமும் பாடம் அல்ல, பத்திரம்தான். மேலிருந்து கீழே வரிசையாகப் படித்தால் தூக்கம் வரும். எல்லை எது என்று தேடிப் படிக்க வேண்டும்.

இதற்கு ஆர் மொழியைவிட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரியவில்லை. பெல் ஆய்வகத்தில் பிறந்த எஸ் மொழியின் வழியில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய புள்ளியியல் மொழி அது. ஒரு கேள்விக்குறியைப் போட்டு அடுத்து ஃபங்ஷனின் பெயரை எழுதினால் போதும், உதவிப் பக்கம் வந்துவிடும். எல்லாப் பக்கங்களும் ஒரே அச்சில் வார்த்தவை: சுருக்கமான விளக்கம், அழைக்கும் முறை, ஆர்கியூமென்ட்கள் (ஃபங்ஷனிடம் நாம் கொடுப்பவை), விவரங்கள், மதிப்பு, தொடர்புடையவை, எடுத்துக்காட்டுகள். புதிதாக வருகிறவர்கள் விளக்கத்தைப் படித்துவிட்டு, விவரங்களில் நுழைந்து, மூன்றாவது பத்தியில் மனம் ஒடிந்து மூடிவிடுவார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் அழைக்கும் முறை, பிறகு மதிப்பு, பிறகு அடியில் இருக்கும் எடுத்துக்காட்டுகள். இந்த மூன்றிலும் சந்தேகம் தீராவிட்டால்தான் விவரங்கள்.

அழைக்கும் முறை என்ற அந்த ஒரு வரியில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு ‘மீன்’ ஒன்றே போதும். இந்த மீன் சராசரி காணும் ஃபங்ஷன். வலையில் மாட்டுவது நாம்தான். ஆரில் ‘சம்’ என்ற கூட்டல் ஃபங்ஷனிடம் 10, 20, 30 என்று கொடுத்தால் 60 வரும். மிகப் பெரியதைத் தரும் ‘மேக்ஸ்’ஸிடம் கொடுத்தால் 30. அதே பழக்கத்தில் ‘மீன்’னிடம் 10, 20, 30 என்று கொடுத்தால் 20 வர வேண்டும் அல்லவா? வருவது 10. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. அமைதியாகத் தவறான விடை.

இரண்டு பக்கங்களிலும் அழைக்கும் முறையை அருகருகே வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். ‘சம்’முக்கு அடைப்புக்குறிக்குள் முதலில் வருவது மூன்று புள்ளிகள். எத்தனை வேண்டுமானாலும் கொடு, எல்லாவற்றையும் கூட்டுகிறேன் என்று பொருள். ‘மீன்’னுக்கு முதலில் வருவது எக்ஸ் என்ற ஒற்றை ஆர்கியூமென்ட், மூன்று புள்ளிகள் அதற்குப் பின்னால்தான். அதாவது சராசரி காண வேண்டிய எண்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி எக்ஸாகக் கொடுக்க வேண்டும். இரண்டாவதாக எதைக் கொடுத்தாலும் அது வேறு வேலைக்குப் போய்விடும். என்ன வேலை? அதே வரிக்குக் கீழே வழக்கமான வடிவம் தனியாக எழுதப்பட்டிருக்கிறது: எக்ஸுக்கு அடுத்தது ‘ட்ரிம்’, இரு ஓரங்களிலும் எத்தனை பங்கை வெட்டிவிட்டுச் சராசரி காண்பது என்ற அளவு. அது 0 முதல் 0.5 வரை இருக்க வேண்டும். நாம் கொடுத்த 20 அங்கே போய் உட்காருகிறது. எல்லைக்கு வெளியே உள்ள எண் வந்தால் அருகிலுள்ள எல்லையாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அந்தப் பக்கமே சொல்கிறது. ஆக 20 என்பது 0.5 ஆகிறது. இரு ஓரங்களிலும் பாதிப் பாதி வெட்டினால் மிஞ்சுவது நடுவில் நிற்கும் இடைநிலைதான், 10 என்ற ஒற்றை எண்ணின் இடைநிலை 10 என்று பதில் வருகிறது. ஒவ்வொரு படியும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாப் படிகளும் சேர்ந்தால் ஒருவர் தடுக்கி விழுவார் என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

பைதானிலும் அந்த வரிக்குள் சின்னச் சின்னக் குறிகள் இருக்கின்றன. நீளத்தைச் சொல்லும் ‘லென்’னின் உதவியைக் கேட்டால் அடைப்புக்குறிக்குள் ஆர்கியூமென்ட்டுக்கு அடுத்து ஒரு சாய்கோடு நிற்கும். அச்சுப்பிழை என்று கடந்து போகிறவர்களே அதிகம். அதற்கு இடப்பக்கம் இருப்பவற்றைப் பெயர் சொல்லிக் கொடுக்கக் கூடாது, இடத்தால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று பொருள். நடுவில் தனியாக ஒரு நட்சத்திரம் நின்றால் தலைகீழ்: அதற்கு வலப்பக்கம் இருப்பவற்றைப் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். இந்தச் சாய்கோடு உதவித் திரையில் முன்பே தென்பட்டது. பைதானில் எழுதும் ஃபங்ஷன்களில் நாமே அதைப் போட முடிந்தது 2019இல் வந்த 3.8 பதிப்பிலிருந்துதான். சதுர அடைப்புக்குள் இருப்பது கட்டாயமில்லை என்ற பழைய வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அந்த அடைப்பையும் சேர்த்துத் தட்டச்சு செய்துவிட்டு முழிக்காதவர் யார்?

அடுத்து மதிப்பு. ஃபங்ஷன் எதைச் செய்கிறது என்பது வேறு, எதைத் திருப்பித் தருகிறது என்பது வேறு. பைதானில் பட்டியலை அடுக்க ‘சார்ட்’ உண்டு, ‘சார்ட்டட்’ உண்டு. முதலாவது இருக்கும் பட்டியலையே அடுக்கிவிட்டு ஒன்றையும் திருப்பித் தராது. இரண்டாவது பழையதைத் தொடாமல் புதுப் பட்டியலைத் தரும். ‘சார்ட்’ தந்ததை ஒரு பெயரில் சேமித்துவிட்டு, பட்டியல் எங்கே போனது என்று தேடாத பைதான் மாணவர் இருக்க முடியாது. ஏன் திருப்பித் தருவதில்லை என்பதற்கு ஆவணம் ஒரு காரணமும் சொல்கிறது: இடத்தை மிச்சம் பிடிக்க இருக்கும் பட்டியலையே மாற்றுகிறோம், அதை நினைவூட்டத்தான் வெறுங்கையோடு அனுப்புகிறோம் என்று. வெறுங்கையால் நினைவூட்டுவது கொஞ்சம் கறாரான வாத்தியார் பாணி. ஆனாலும் காரணத்தை எழுதி வைத்தது நல்லது. காரணம் தெரிந்தால் விதி மறக்காது.

இதுவரை சொன்னவை எல்லாம் நிதானமாகப் படித்தால் தப்பிக்கக் கூடியவை. ஆரின் ‘சாம்பிள்’ அப்படி அல்ல. அதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

‘சாம்பிள்’ குலுக்கல் முறையில் எடுக்கும் ஃபங்ஷன். ஒரு வகுப்பில் வராதவர்களின் வரிசை எண்களைக் கொடுத்து, அதில் ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் தேர்ந்தெடுக்கும். 5, 12, 41 கொடுத்தால் இந்த மூன்றில் ஒன்று வரும். 12, 41 கொடுத்தால் இரண்டில் ஒன்று. ஒரு நாள் 41 மட்டும் வரவில்லை. அந்த ஒற்றை எண்ணைக் கொடுத்து ஒருவரைக் கேட்டால் 41தானே வர வேண்டும்? 1 முதல் 41 வரை எது வேண்டுமானாலும் வரலாம். கொடுத்தது ஒற்றை எண்ணாக இருந்து, அது 1 அல்லது அதற்கு மேல் இருந்தால், 1 முதல் அந்த எண் வரையிலிருந்து எடு என்று கேட்பதாக ‘சாம்பிள்’ புரிந்துகொள்ளும். யாருக்கோ தட்டச்சு மிச்சமாகட்டும் என்று செய்த வசதி. நாற்பது நாள் ஒழுங்காக ஓடிய நிரல் நாற்பத்தோராவது நாள், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வராதவர் என்று சொல்லும்.

உதவிப் பக்கம் இதை மறைக்கவில்லை. விவரங்கள் பகுதியில் விதியையும் சொல்லி, நீளம் மாறக்கூடிய ஒன்றைக் கொடுத்தால் இந்த வசதி விரும்பாத விளைவைத் தரலாம் என்றும் சொல்லி, எடுத்துக்காட்டுகளைப் பார் என்று கீழே கைகாட்டுகிறது. கீழே போனால் சுவாரசியம். அங்கே ‘ரீசாம்பிள்’ என்று ஒரு வரி ஃபங்ஷன் எழுதிக்காட்டப்பட்டிருக்கிறது. மதிப்புகளைக் குலுக்காமல் அவை நிற்கும் இடங்களைக் குலுக்கி எடுக்கும், ஒற்றை எண்ணிலும் தடுமாறாது. அதாவது பாதுகாப்பான வடிவம் இருக்கிறது. ஆனால் அது மொழியின் ஃபங்ஷனாக இல்லை. உதவிப் பக்கத்தின் அடியில் ஒரு எடுத்துக்காட்டாக இருக்கிறது, வேண்டுமானால் எடுத்து ஒட்டிக்கொள் என்று.

ஏன் இப்படி? பழைய நடத்தையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ‘சாம்பிள்’ஐ மாற்றினால் அவை உடையும். மாற்ற முடியாததை விவரித்துவிடுவது என்று உதவிப் பக்கம் எழுதுகிறவர் முடிவுக்கு வருகிறார். பல உதவிப் பக்கங்களின் விவரங்கள் பகுதி இப்படிச் சேர்ந்ததுதான்: தீர்க்க முடியாத சண்டைகளின் சமரசப் பத்திரம். அந்தப் பகுதியில் ‘கவனிக்க’ என்று தொடங்கும் வாக்கியம் இருந்தால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவரின் ஒரு நாள் வீணாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் உச்சம் சி மொழியின் ‘கெட்ஸ்’. உள்ளீட்டிலிருந்து ஒரு வரியைப் படிக்கும் ஃபங்ஷன் அது. எவ்வளவு நீளம் வரை படிக்கலாம் என்று அதனிடம் சொல்ல வழியே கிடையாது. ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிக்கொண்டே போகும். லினக்ஸின் கையேட்டில் அதன் பக்கத்தைத் திறந்தால், இதை ஒருபோதும் பயன்படுத்தாதே, ‘எஃப்கெட்ஸ்’ஸைப் பயன்படுத்து என்று இருக்கும். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல வந்த பக்கம், பயன்படுத்தாதே என்று சொல்ல வேண்டிய நிலை. 1988 நவம்பரில் இணையத்தைத் திணறடித்த மாரிஸ் புழு என்ற தானே பரவும் நிரல் உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, பயனர் விவரம் சொல்லும் ‘ஃபிங்கர்’ சேவையில் இருந்த ஒரு ‘கெட்ஸ்’ அழைப்பு. சி மொழியின் தரநிலையிலிருந்து அந்த ஃபங்ஷன் நீக்கப்பட்டது 2011இல். இடையில் 23 ஆண்டுகள்.

சி மொழி பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்துக்காரர்களைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே பக்கங்களில் ‘பிழைகள்’ என்று ஒரு தலைப்பு உண்டு. ‘உரிமையாளர்’ என்றும் ஒரு தலைப்பு உண்டு. யாரைப் போய்க் கேட்பது என்று தெரியட்டும் என்பதற்காக. தன் பொருளின் குறையைத் தானே அச்சிட்டு, கீழே பேரும் போடுவது அபூர்வமான நேர்மை. இன்றைக்குப் பல நிரல் நூலகங்களின் ஆவணங்களில் நான் தேடுவது இந்த இரண்டு தலைப்புகளைத்தான்.

சரி, திருத்துவதற்கு வருவோம்.

உதவிப் பக்கத்தைத் திருத்தத் தகுதியானவர் யார் என்றால் அந்த ஃபங்ஷனை எழுதியவர் என்றுதான் தோன்றும். அவர்தான் ஆகக் குறைந்த தகுதியுள்ளவர் என்பேன். அவருக்கு எல்லாம் தெரியும். எது தெரியாமல் போகும் என்பது மட்டும் தெரியாது. நேற்று மாட்டி, இன்று காரணம் கண்டுபிடித்தவருக்குத்தான் இரண்டு நிலையும் நினைவில் இருக்கும். அதுவும் ஒரு வாரத்துக்குத்தான். அப்புறம் அவரும் தெரிந்தவர் ஆகிவிடுவார், அந்தப் பக்கம் அவருக்கும் தெளிவாகத் தோன்றத் தொடங்கிவிடும். ஆகவே மாட்டிய அன்றே மூன்றை எழுதி வைத்துக்கொள்வது நல்லது: என்ன வரும் என்று எதிர்பார்த்தோம், என்ன வந்தது, எந்த வாக்கியம் அப்படி எதிர்பார்க்க வைத்தது. மூன்றாவதுதான் முக்கியம். ‘ஆவணம் குழப்பமாக இருக்கிறது’ என்று சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ‘அவற்றை நீக்கும் என்பதை, ஒரே சொல்லாகச் சேர்த்து நீக்கும் என்று படித்தேன்’ என்றால் திருத்த வேண்டிய சொல் எது என்று உடனே தெரிந்துவிடும்.

எழுதி வைத்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒரு எச்சரிக்கைப் பெட்டி போடுவது. அங்கேதான் பராமரிப்பவர்களோடு உரசல் வரும். பைதானின் ஆவண எழுத்து வழிகாட்டி இதில் கண்டிப்பானது: நீளமான ஆவணம் நல்ல ஆவணம் ஆகிவிடாது, எச்சரிக்கைகளைக் குறைவாகப் பயன்படுத்து, மொழி என்ன செய்கிறது என்பதை நேர்மறையாகச் சொல் என்கிறது. முதலில் படித்தபோது, இதென்ன விளம்பரக்காரர் பேச்சு என்று எனக்கு எரிச்சல் வந்தது. இப்போது பாதி ஒப்புக்கொள்கிறேன். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ‘அபாயம்’ பலகை வைத்தால் உண்மையான பள்ளத்தின் பலகையும் கண்ணில் படாது. மீதிப் பாதியை ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் ‘எல்ஸ்ட்ரிப்’. அங்கே நேர்மறையாகச் சொன்ன குட்டை வாக்கியம்தான் ஆட்களை மாட்டிவிட்டது. ‘முன்னொட்டு அல்ல’ என்ற எதிர்மறை வாக்கியம்தான் காப்பாற்றியது.

அதே வழிகாட்டியில் நான் முழுதாக ஒப்புக்கொள்ளும் பகுதி எடுத்துக்காட்டுகளைப் பற்றியது. நீட்டி முழக்கும் விளக்கத்தைவிடச் சின்ன எடுத்துக்காட்டு சீக்கிரம் புரியும், அதுவும் நிஜமாக அந்த ஃபங்ஷனை எதற்குப் பயன்படுத்துவார்களோ அந்தச் சூழலில் இருக்க வேண்டும் என்கிறது. அங்கே தரும் உதாரணமும் நன்றாக இருக்கிறது: சரத்தை, அதாவது உரைத் துண்டை, வலப்பக்கத்திலிருந்து பிரிக்கும் ‘ஆர்பார்ட்டிஷன்’னைக் காட்ட, மான்டி பைதான் வசனம் ஒன்றின் கடைசிச் சொல்லை வெட்டிக் காட்டுவதைவிட, ஒரு இணைய முகவரியிலிருந்து தளப் பெயரைப் பிரித்துக் காட்டுவது மேல். பைதான் என்ற பெயரே அந்த நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தது என்பதால் எடுத்துக்காட்டுகளில் அவர்களின் வசனம் நுழைவது அங்கே ஒரு வழக்கம். படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் எதற்கு உதவும் என்று தெரியாது.

எடுத்துக்காட்டுக்கு இன்னொரு பலம் உண்டு: அதை இயந்திரம் சரிபார்க்க முடியும். விளக்க வாக்கியம் பொய்யாகிப்போனால் யாருக்கும் தெரியாது. ஆர் மொழியில் ஒரு பொதியை (ஃபங்ஷன்களின் தொகுப்பை) க்ரான் என்ற பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டுமானால் ஒரு சோதனை ஓட வேண்டும். உதவிப் பக்கங்களின் எடுத்துக்காட்டுகள் எல்லாம் அதில் ஓட்டிப் பார்க்கப்படும். அழைக்கும் முறை என்று ஆவணத்தில் எழுதியிருப்பதும் நிரலில் உண்மையாக இருப்பதும் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கும். வெளியே தெரியும் ஃபங்ஷனுக்கு ஆவணமே இல்லாவிட்டால் அதற்கும் எச்சரிக்கை வரும். பைதானில் ‘டாக்டெஸ்ட்’ என்ற கருவி ஆவணத்துக்குள் எழுதிய எடுத்துக்காட்டை ஓட்டி, விடை எழுதியபடியே வருகிறதா என்று ஒப்பிடும். ஆகவே திருத்தம் அனுப்புகிறவருக்கு என் யோசனை: ஒரு பத்தி எழுதத் தோன்றினால் அதை இரண்டு எடுத்துக்காட்டாக மாற்றுங்கள். ஒன்று எல்லோரும் எதிர்பார்ப்பது, மற்றொன்று எல்லோரையும் மாட்டுவது. ‘மீன்’ பக்கத்தில் 10, 20, 30 என்ற அந்த ஒரு வரி மட்டும் இருந்திருந்தால்!

அனுப்புவது பெரிய சடங்கு அல்ல. பைதானின் மூல நிரலும் ஆவணமும் 2017 முதல் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் ஒன்றாக இருக்கின்றன. எழுத்துப்பிழை போன்ற சின்னத் திருத்தத்துக்குத் தனியாகப் புகார் பதிவுகூட வேண்டாம், நேராகத் திருத்தத்தையே அனுப்பலாம். சொந்த நிறுவனத்தில், சொந்தக் குழுவில் எழுதும் ஃபங்ஷன்களுக்கு அதுவும் வேண்டாம். பக்கத்து மேசைக்காரர் ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்டால், பதிலை அவரிடம் சொல்வதோடு நிறுத்தாமல் ஃபங்ஷனின் தலையில் இருக்கும் குறிப்பிலும் எழுதிவிட்டால் போதும்.

சில நேரம் திருத்த வேண்டியது ஆவணமாகவே இருக்காது. ‘எல்ஸ்ட்ரிப்’ குழப்பம் பல ஆண்டுகள் ஓடியது. ஆவணத்தில் சொல்லியாயிற்று, எடுத்துக்காட்டும் கொடுத்தாயிற்று, ஆனாலும் ஆட்கள் அதையே முன்னொட்டு நீக்கப் பயன்படுத்தி, பிழை என்று வந்து நின்றார்கள். கடைசியில் பெப் 616 என்ற முன்மொழிவு அந்தப் புகார்களையே சான்றாக எடுத்துக்கொண்டது: இத்தனை பேர் தவறாக எதிர்பார்க்கிறார்கள் என்றால், அவர்கள் எதிர்பார்க்கும் ஃபங்ஷன் தேவைப்படுகிறது என்று பொருள். 2020 அக்டோபரில் வந்த பைதான் 3.9இல் ‘ரிமூவ்பிரிஃபிக்ஸ்’ சேர்ந்தது. முன்னொட்டை ஒரு சொல்லாகவே பார்த்து, இருந்தால் ஒரு முறை நீக்கும். இன்றைக்கு ‘எல்ஸ்ட்ரிப்’பின் ஆவணம் அந்தப் பக்கம் கைகாட்டுகிறது, இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டியும் காட்டுகிறது. ‘ரீசாம்பிள்’ளுக்குக் கிடைக்காத யோகம் இதற்குக் கிடைத்தது.

தமிழில் இந்தப் பக்கங்கள் இருந்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக வரும். பைதான் ஆவணங்களை மொழிபெயர்த்து அதே தளத்தில் வைப்பதற்கு 2017இல் பெப் 545 என்ற முன்மொழிவு வழி வகுத்தது; ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியம் முதலில் வந்தன. ஆனால் மொழிபெயர்க்கிறவர் முதல் பக்கத்திலேயே ஒரு சொல்லில் இடறுவார். ஆங்கிலத்தில் ‘கேரக்டர்’ என்று இருப்பதை எப்படிச் சொல்வது? ‘எழுத்து’ என்று கை தானாகவே எழுதிவிடும். நானும் மேலே அப்படித்தான் எழுதினேன்.

நமக்கு ‘தமிழ்’ என்ற சொல்லில் மூன்று எழுத்து: த, மி, ழ். பைதானின் ‘லென்’னிடம் கேட்டால் 5 என்கிறது. இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ஆரின் ‘என்கேர்’ரும் 5 என்கிறது, பைட் கணக்கில் கேட்டால் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 15. ஸ்விஃப்ட் மொழியோ நம்மைப்போல 3 என்கிறது. ‘லென்’னின் பக்கத்தில் இருப்பது, பொருளில் உள்ள உருப்படிகளின் எண்ணிக்கையைத் தரும் என்ற வாக்கியம்தான். உருப்படி என்றால் எது? சரம் என்பது யூனிகோட் குறியீட்டுப் புள்ளிகளின் (கணினி தனித்தனியாக எண்ணும் குறிகளின்) தொடர் என்று அதே ஆவணத்தில் வேறொரு பகுதியில் எழுதியிருக்கிறது. எழுதித்தான் இருக்கிறது, வேறெங்கோ. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு இரண்டு கணக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். அதனால் அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் இடையில் பாலம் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. நமக்கு முதல் சொல்லிலேயே பல்லிளிக்கும்.

இப்போது திருத்தணிக்குத் திரும்பிப் போனால் ஒரு வேடிக்கை. ‘கொடுத்த எழுத்துகளை நீக்கும்’ என்ற அந்தக் குட்டை வாக்கியத்தை, தமிழ் வாத்தியார் சொல்லிக்கொடுத்த பொருளில் எடுத்துக்கொண்டு கையால் செய்து பாருங்கள். பையில் இருப்பது தி, ரு என்று இரண்டே எழுத்து. திருத்தணியில் தி போகிறது, ரு போகிறது, அடுத்து வரும் ‘த்’ பையில் இல்லை, நின்றுவிடுகிறது. மிஞ்சுவது ‘த்தணி’. சரியான விடை! நம்மை மாட்டிவிட்டது ‘எல்ஸ்ட்ரிப்’பின் பை மட்டும் அல்ல, எழுத்து என்ற சொல்லும்தான். மொழிபெயர்ப்பவர் அங்கே ‘எழுத்து’ என்று போட்டால் வாக்கியம் அழகாக இருக்கும், தமிழுக்குப் பொய்யாக இருக்கும். ‘யூனிகோட் குறிகள்’ என்று போட்டு, எடுத்துக்காட்டாகத் திருவாரூரையும் திருத்தணியையும் கீழே அடுத்தடுத்து வைத்தால் வாக்கியம் கொஞ்சம் கரடுமுரடாகும், படிக்கிறவர் தப்பித்துக்கொள்வார்.

‘ரிமூவ்பிரிஃபிக்ஸ்’ போட்டாலும் கிடைப்பது ‘த்தணி’தான். தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது என்று பட்டியலைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், அதற்குப் பைதானின் ஆவணத்தில் இடம் தேட வேண்டாம்.